திரும்பி வந்த காசோலை: மார்ட்டின் லூதர் கிங்கின் உரையில் உருவகம் செய்த வேலை

உவமை, உருவகம் முதலியவற்றை நாம் அணி என்கிறோம். அணி என்றால் ஆபரணம். செய்யுளுக்கு அழகு சேர்ப்பதால் அவை அணிகள் எனப்பட்டன என்றே ஆசிரிய கலாசாலையில் எமக்குச் சொல்லித் தந்தார்கள். நாமும் வருடக் கணக்காக அதையே மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம். ஆபரணத்தைக் கழற்றி வைத்தாலும் ஆள் ஆளாகவே இருப்பார் என்பது இதற்குள் மறைந்திருக்கும் எண்ணம். உருவகத்தை நீக்கினாலும் கருத்து அப்படியே இருக்கும், அழகு மாத்திரமே குறையும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் தரம் 11 வகுப்பில் மார்ட்டின் லூதர் கிங்கின் வொஷிங்டன் உரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கனவுப் பகுதியைப் பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். அதற்கு முன்னால் வரும் காசோலைப் பகுதியைச் சொன்னபோது, கடைக்காரர் ஒருவரின் மகன் எழுந்தான். "செக் திரும்பி வந்தா சும்மா விடேலாதுதானே சேர். அப்ப அந்த ஆக்கள் சலுகை கேட்கல்ல, வர வேண்டிய கடனைத்தான் கேட்டிருக்காங்க" என்றான்.

அந்த உரையைப் பற்றி நான் வாசித்த பல விளக்கங்களை விட அந்தப் பையன் சொன்னது சரியாக இருந்தது. கனவு என்ற சொல்லால் உலகப் புகழ்பெற்ற அந்த உரையின் முதுகெலும்பு கனவல்ல, கடன். அதை நாம் எப்படி மறந்தோம் என்பதையும், ஒரு மக்கட் கூட்டத்தின் கோரிக்கையை உருவகங்கள் எவ்வாறு தாங்கி நின்றன என்பதையும் இங்கு பார்க்கலாம்.

அந்த வருடமும் அந்த இடமும்

1963 ஓகஸ்ட் 28, புதன்கிழமை. ஐக்கிய அமெரிக்காவின் தலைநகரில், ஆபிரகாம் லிங்கனின் நினைவு மண்டபத்துக்கு முன்னால் ஏறத்தாழ 250,000 பேர் திரண்டிருந்தனர். தொழிலுக்கும் சுதந்திரத்துக்குமான வொஷிங்டன் பேரணி என்பதே அதன் முழுப் பெயர். மூத்த தொழிற்சங்கத் தலைவரான ஏ. பிலிப் ரண்டோல்ஃப் அதன் தலைவராகவும், பயார்ட் ரஸ்டின் அதன் பிரதான ஒழுங்கமைப்பாளராகவும் இருந்தனர். சிவில் உரிமைச் சட்டம், பாடசாலைகளில் இனப் பிரிப்பை ஒழித்தல் ஆகியவற்றோடு, வேலையற்றோருக்குத் தொழில், மணித்தியாலத்துக்கு 2 டொலர் குறைந்தபட்சக் கூலி என்பவையும் கோரிக்கைகளாக இருந்தன. தொழில் என்ற சொல் பேரணியின் பெயரிலேயே முதலில் நின்றது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் கிங் ஏன் பணத்தின் மொழியில் பேசத் தொடங்கினார் என்பது விளங்கும்.

அடிமைகளுக்கு விடுதலை அளிக்கும் பிரகடனத்தில் லிங்கன் ஒப்பமிட்டது 1863 ஜனவரி 1ஆம் திகதி. சரியாக ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது. அந்த நூற்றாண்டின் கடைசி வருடம் எப்படியிருந்தது? ஜனவரியில் அலபாமாவின் ஆளுநராகப் பதவியேற்ற ஜோர்ஜ் வாலஸ், இனப் பிரிப்பு என்றென்றைக்கும் நிலைக்கும் என்று சூளுரைத்தார். மே மாதத்தில் அதே மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், ஊர்வலம் வந்த சிறுவர் சிறுமியர் மீது தீயணைப்புக் குழாய்களால் நீர் பாய்ச்சப்பட்டது. பொலிஸ் நாய்கள் ஏவப்பட்டன. ஜூன் 11ஆம் திகதி ஜனாதிபதி கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி சிவில் உரிமைச் சட்டமொன்றைக் கொண்டுவருவதாக அறிவித்தார். சில மணித்தியாலங்களில், 12ஆம் திகதி அதிகாலையில், மிசிசிப்பி மாநிலத்தின் ஜக்சன் நகரில் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கிங் அன்று பேசியது சுமார் 17 நிமிடங்கள். தொடக்கத்திலேயே அவர் நூறு வருடங்கள் என்று நேரே சொல்லவில்லை. ஐந்து இருபதுகள் என்று பழைய முறையில் எண்ணினார். லிங்கன் 1863 நொவெம்பரில் கெற்றிஸ்பேர்க்கில் ஆற்றிய உரையும் அவ்வாறான எண்ணிக்கையோடுதான் தொடங்குகிறது. லிங்கனின் கற்சிலைக்கு முன் நின்று லிங்கனின் மொழியிலேயே தொடங்கியது தற்செயலல்ல. பெயர் சொல்லாமலே அவரைச் சாட்சிக்கு அழைத்த வேலை அது.

கடன்காரர் யார்?

அதன் பிறகு வருவதுதான் காசோலை. கிங்கின் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்வதானால் இப்படி: இந்த நாட்டை நிறுவியவர்கள் 1776இல் சுதந்திரப் பிரகடனத்தையும் 1787இல் அரசியல் யாப்பையும் எழுதியபோது, ஒவ்வொரு அமெரிக்கரையும் உரிமையாளராக்கும் வாக்குறுதிச் சீட்டு ஒன்றில் ஒப்பமிட்டார்கள். கறுப்பின மக்களைப் பொறுத்தவரை நாடு அந்தச் சீட்டை மதிக்கவில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட காசோலை, கணக்கில் போதிய பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. ஆனால் நீதியின் வங்கி வங்குரோத்தாகிவிட்டது என்று நாம் நம்பத் தயாராக இல்லை. ஆகவே அந்தக் காசோலையை மாற்றிக்கொள்ளவே தலைநகருக்கு வந்திருக்கிறோம்.

இந்த ஒரே உருவகம் எத்தனை காரியங்களைச் செய்கிறது என்று பாருங்கள்.

முதலாவது, நிற்கும் இடத்தை மாற்றிவிடுகிறது. அது வரைக்கும் கறுப்பின மக்கள் கேட்பவர்கள், வெள்ளை அமெரிக்கா கொடுப்பது. கேட்பவர் தாழ்ந்து நிற்க வேண்டும், கொடுப்பவர் மனமிருந்தால் கொடுக்கலாம். காசோலை என்றவுடன் கணக்குப் புரண்டுவிடுகிறது. கையில் சீட்டை வைத்திருப்பவர் கடன் கொடுத்தவராகிறார். தலைகுனிய வேண்டியவர் இப்போது மற்றவர்.

இரண்டாவது, நாட்டின் பற்றாளர்கள் மறுக்க முடியாத இடத்தில் வாதத்தை நிறுத்துகிறது. கிங் அரசியல் யாப்பைத் தூக்கியெறியவில்லை. அது பெறுமதியான பத்திரம், அதனால்தான் பணம் கேட்கிறேன் என்கிறார். நாட்டை நிறுவியவர்களிற் பலர் தாமே அடிமைகளை வைத்திருந்தவர்கள். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய தோமஸ் ஜெபர்சனும் அவர்களுள் ஒருவர். அவர்கள் மனதில் கறுப்பர்களும் இருந்தார்களா என்ற நீண்ட விவாதத்துக்குள் கிங் இறங்கவே இல்லை. இறங்கத் தேவையுமில்லை. ஒப்பமிட்டவரின் மனம் எப்படியிருந்தாலும் ஒப்பம் ஒப்பமே. எழுதிய சொல் எழுதியவரைக் கட்டும். பெரும் சட்ட நூல் ஒன்றில் விளக்க வேண்டியதை ஒரு வங்கிப் பத்திரம் விளக்கிவிடுகிறது.

மூன்றாவது, பணமில்லை என்ற சாட்டுக்கு வழியை அடைத்துவிடுகிறது. காசோலைக்குச் சற்று முன்னர்தான், செல்வக் கடலின் நடுவே வறுமை என்ற தனித் தீவில் கறுப்பின மக்கள் வாழ்வதாக அவர் சொல்லியிருந்தார். கடலையே வைத்திருப்பவன் குடிக்கத் தண்ணீரில்லை என்று சொல்ல முடியுமா? தீவு என்ற முதல் உருவகம் காசோலை என்ற அடுத்த உருவகத்துக்கு வழி திறந்து வைக்கிறது.

நான்காவது, படித்தவருக்கும் படியாதவருக்கும் ஒரேயடியாக விளங்கிவிடுகிறது. பருத்திக் காட்டில் கூலிவேலை செய்தவருக்கும், வொஷிங்டன் அலுவலகத்தில் இருந்த சட்டத்தரணிக்கும், திரும்பி வந்த காசோலையின் அவமானத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. எமது கிராமத்துக் கடைக்காரரின் மகனுக்கே விளங்கிற்றே!

இவ்வுருவகத்துக்கு ஒரு பின்கதையும் உண்டு. உரையின் வரைவைத் தயாரிக்க உதவியவர்களுள் ஒருவர் கிங்கின் சட்ட ஆலோசகர் கிளாரன்ஸ் ஜோன்ஸ். பர்மிங்ஹாமில் கைதான சிறுவர்களைப் பிணையில் எடுக்கப் பணம் தேவைப்பட்டபோது, பாடகர் ஹரி பெலபொன்டேயின் முயற்சியால் நெல்சன் ரொக்பெல்லரின் உதவி கிடைத்தது. நியூயோர்க்கில் சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் 100,000 டொலர் பணத்தைப் பெற்றுக்கொண்டபோது ஒரு வாக்குறுதிச் சீட்டில் தாம் ஒப்பமிட வேண்டியிருந்ததென்றும், அந்த அனுபவமே காசோலைப் பகுதிக்கு வித்திட்டதென்றும் ஜோன்ஸ் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். சிறைக் கதவைத் திறந்த ஒரு கடதாசியின் ஞாபகம் அந்த உருவகத்துக்குள் இருந்தது.

வெயிலும் மயக்க மருந்தும்

கடன் என்றால் தவணை உண்டு. அவசரப்பட வேண்டாம், எல்லாம் மெல்ல மெல்ல நடக்கும் என்பதே அன்று கறுப்பின மக்களுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி. அந்தப் புத்திமதியைக் கிங் மயக்க மருந்து என்றார். மருந்து என்று கொடுக்கப்படுவது நோயைக் குணமாக்காமல் நோயாளியை உறங்க வைக்கிறது என்பது கருத்து.

நேரத்தைப் பற்றிய அவருடைய உருவகங்கள் பெரும்பாலும் இயற்கையிலிருந்து வருகின்றன. நீண்ட இரவு, விடியல், இருண்ட பள்ளத்தாக்கு, புதைமணல், உறுதியான பாறை. நீதியான அதிருப்தியின் புழுங்கும் கோடையைச் சுதந்திரத்தின் இலையுதிர்காலம் வந்துதான் தணிக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, கேட்டவர்கள் ஓகஸ்ட் மாத வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். பலர் மண்டபத்தின் முன்னாலிருந்த நீர்த் தடாகத்தில் கால்களை நனைத்துக்கொண்டிருந்தனர். உருவகத்தின் ஒரு பாதி அவர்களின் உடம்பிலேயே இருந்தது.

ஆனால் இயற்கை உருவகத்தில் ஓர் ஆபத்துண்டு. கோடை தானே போகும், இலையுதிர்காலம் தானே வரும். அப்படியானால் மனிதர் ஏன் போராட வேண்டும்? கிங் இதை உணர்ந்தவராகவே தெரிகிறது. பருவத்தைச் சொன்ன கையோடு, கறுப்பின மக்கள் உள்ளக் கொதிப்பைச் சற்றுக் கொட்டிவிட்டு இனி ஓய்ந்துவிடுவார்கள் என்று எவராவது நினைத்தால் ஏமாந்துபோவார்கள் என்று எச்சரித்தார். அவருடைய பருவங்கள் மனிதர் உழைத்து வரவழைக்க வேண்டிய பருவங்கள்.

நீக்கப்பட்ட ஓர் உவமை

உருவகம் வெறும் அழகுதான் என்றால் அதற்கு யாரும் பயப்படத் தேவையில்லை. அதே மேடையில் அன்று நடந்த ஒரு விடயம் இதற்கு நேர்மாறானது.

மாணவர் அமைப்பின் தலைவரான ஜோன் லூயிஸ் அன்று பேசியவர்களுள் மிக இளையவர். வயது 23. தெற்கு மாநிலங்களை ஊடறுத்து ஜெனரல் ஷேர்மன் சென்றதைப் போல நாமும் செல்வோம் என்ற பொருளில் ஓர் உவமை அவரது எழுத்துப் பிரதியில் இருந்தது. ஷேர்மன் 1864இல் ஜோர்ஜியா மாநிலத்தை எரித்துக்கொண்டு சென்ற வடபுலப் படைத் தளபதி. லூயிஸ் அகிம்சை வழியில் நின்றவர்தான். ஆயினும் அந்தப் பெயர் தெற்கில் நெருப்பையே நினைவூட்டும். வொஷிங்டனின் கத்தோலிக்கப் பேராயர் அந்தப் பிரதியை ஆட்சேபித்தார். மூத்த தலைவர்களும் வற்புறுத்தினர். இறுதியில் ரண்டோல்ஃபின் வேண்டுகோளுக்கு மதிப்பளித்து, மண்டபத்துக்குள்ளேயே பிரதி திருத்தப்பட்டது. கென்னடியின் சட்டமூலத்தைப் பற்றிய கடும் விமர்சனமும் தணிக்கப்பட்டது, ஷேர்மனும் போனார்.

இளைஞரின் கோபம் நியாயமற்றதல்ல. ஆனால் அந்த உவமை வெள்ளையரை எதிரிப் படையாக நிறுத்துகிறது. கிங்கின் காசோலையோ அவர்களைக் கடன் செலுத்த வேண்டிய வாரிசுகளாக நிறுத்துகிறது. எதிரியோடு யுத்தம்தான் செய்யலாம். கடன் செலுத்த வேண்டியவரிடம் கடனை வாங்கிவிட்டு, அதன்பின் ஒரே மேசையில் உட்காரவும் முடியும்.

எழுதப்படாத கனவு

கனவுப் பகுதி அன்றைய எழுத்துப் பிரதியில் இல்லை. அதற்கு முன் 1962 நொவெம்பரில் வட கரோலினாவின் ரொக்கி மவுன்ட் நகரிலும், 1963 ஜூன் மாதம் டெட்ரோயிட்டிலும் கிங் அதைப் பேசியிருந்தார். அது பழகிப் புளித்துவிட்டது, வொஷிங்டனில் வேண்டாம் என்று அவரது உதவியாளர் ஒருவர் ஆலோசனையும் சொல்லியிருந்தார். உரை முடிவை நெருங்கும் வேளையில், மேடையில் இருந்த பாடகி மஹாலியா ஜக்சன் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்ததாக அருகிலிருந்தவர்கள் கூறியிருக்கிறார்கள். கிங் பிரதியை ஒதுக்கிவிட்டுப் பேசினார்.

இந்தக் கனவு வானத்தில் மிதக்கும் கனவல்ல. அதன் ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் ஊர்ப் பெயர் இருக்கிறது. ஜோர்ஜியாவின் செம்மண் குன்றுகளில் முன்னாள் அடிமைகளின் புதல்வர்களும் முன்னாள் எஜமானர்களின் புதல்வர்களும் சகோதரத்துவ மேசையில் ஒன்றாக அமர்வார்கள் என்கிறார். மேசை அங்கே உருவகம் மாத்திரமல்ல. 1960 பெப்ரவரி 1ஆம் திகதி கிறீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் கடையொன்றின் உணவு மேடையில் அமர்ந்ததிலிருந்து, வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்ட மேசைகளில் உட்கார்ந்ததற்காகவே ஆயிரக்கணக்கானோர் கைதாகியிருந்தனர். அநீதியின் வெப்பத்தில் புழுங்கும் மிசிசிப்பி ஒரு பாலைவனச் சோலையாகும் என்றார். எவர்ஸ் கொல்லப்பட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அலபாமாவில் கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் கைகோப்பார்கள் என்றார். பிள்ளைகள் மீது நீர் பாய்ச்சியது அதே அலபாமா.

வேத நூலின் மொழியும் இங்கே நிறைந்திருக்கிறது. நீதி வெள்ளமாகப் புரண்டு வருவது ஆமோஸ் தீர்க்கதரிசியின் காட்சி. பள்ளத்தாக்குகள் உயர்வதும் மலைகள் தாழ்வதும் ஏசாயாவின் காட்சி. தேவாலயத்தில் பாட்டன் பூட்டன் காலம் முதல் கேட்டு வந்த சொற்கள் அவை. கூட்டத்தினர் அவற்றைப் புதிதாகக் கேட்கவில்லை, அடையாளம் கண்டுகொண்டார்கள். வேத நூலின் மலை ஓரிடத்தில் உரையின் சொந்த மலையாகிறது. விரக்தி என்ற மலையிலிருந்து நம்பிக்கை என்ற ஒரு கல்லை வெட்டியெடுப்போம் என்கிறார் கிங். மலை முழுவதையும் அகற்றிவிடுவோம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு கல், அதுவும் உளியெடுத்து வெட்ட வேண்டிய கல்.

கடைசியாக மலைகளின் வரிசை. சுதந்திரத்தின் மணி எங்கெல்லாம் ஒலிக்க வேண்டும் என்று வடக்கிலும் மேற்கிலுமுள்ள மலைகளைச் சொல்லிவிட்டு, ஜோர்ஜியாவின் ஸ்டோன் மலைக்கு வருகிறார். 1915இல் கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்பு மீண்டும் தோற்றுவிக்கப்பட்டது அந்த மலை உச்சியில்தான். பட்டியலில் அந்தப் பெயர் வந்தவுடன் அமெரிக்கர் எவருக்கும் விளங்கும். லூயிஸின் பிரதியில் ஜோர்ஜியாவுக்குள் நெருப்பு சென்றது; கிங்கின் உரையில் மணியோசை செல்கிறது. பகைவனின் கோட்டையை அவர் பட்டியலிலிருந்து விடவுமில்லை, எரிக்கவுமில்லை.

கனவும் பயங்கரக் கனவும்

அந்தப் பேரணியை ஏற்காதவர்களும் இருந்தார்கள். மல்கம் எக்ஸ் அன்று வொஷிங்டனில் பார்வையாளராக இருந்தார். பேரணியை ஒரு கேலிக்கூத்து என்று அவர் பின்னர் கண்டித்தார். லூயிஸின் பிரதிக்கு நடந்ததைப் பார்த்தால் அந்தக் கண்டனத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. 1964இல் ஆற்றிய உரையொன்றில், அமெரிக்காவின் பலியாட்களது கண்ணால் பார்க்கும் தமக்குத் தெரிவது கனவல்ல, பயங்கரக் கனவே என்ற பொருள்படப் பேசினார். கிங்கின் உருவகத்தை மறுப்பதற்கும் அதே உருவகத்தின் மறுபக்கமே தேவைப்பட்டிருக்கிறது.

மல்கம் 1965 பெப்ரவரி 21ஆம் திகதி கொல்லப்பட்டார். 1967 மே மாதம், தொலைக்காட்சிச் செவ்வி ஒன்றில் கிங்கும் தமது அன்றைய கனவு பல வகைகளில் பயங்கரக் கனவாக மாறிவிட்டதை ஒப்புக்கொண்டார். வொஷிங்டன் பேரணி முடிந்து 18 நாட்களில், 1963 செப்டெம்பர் 15ஆம் திகதி, பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றிருந்தது. பின்னர் நகரங்கள் எரிந்தன, வியட்நாம் யுத்தம் மூண்டது. இருவரும் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, 1964 மார்ச் 26ஆம் திகதி அமெரிக்க செனட் சபைக் கட்டடத்தில், சில நிமிடங்களே சந்தித்தார்கள். ஆனால் இந்த ஒரு சொல்லில் அவர்கள் மீண்டும் சந்தித்திருக்கிறார்கள்.

மீதிக் கணக்கு

காசோலையின் ஒரு பகுதி மாற்றப்பட்டது. 1964 ஜூலை 2ஆம் திகதி சிவில் உரிமைச் சட்டமும், 1965 ஓகஸ்ட் 6ஆம் திகதி வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. மேசைகள் திறந்தன. தொழில், கூலி, வீடு ஆகிய மீதியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகச் சென்ற இடத்தில், 1968 ஏப்ரல் 4ஆம் திகதி கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். கொடுக்கப்பட்டதிலும் ஒரு பங்கு பின்னர் திரும்பப் பெறப்பட்டது. வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான ஏற்பாடொன்றை 2013 ஜூன் மாதம் அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது.

1986 முதல் கிங்கின் நினைவாக ஜனவரி மாதத்தில் ஒரு தினம் அமெரிக்காவின் தேசிய விடுமுறை. அத்தினத்தில் எங்கும் ஒலிப்பது கனவு. காசோலையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. கனவை எல்லோரும் பாராட்டலாம், அதற்குச் செலவில்லை. காசோலையை ஏற்றுக்கொண்டால் பணம் கொடுக்க வேண்டும். தாமதத்தை மயக்க மருந்து என்றவரின் கனவே பலருடைய கையில் மயக்க மருந்தாகிவிட்டது. இவ்விடயத்தில் அவருடைய எதிரிகள் அன்றே தெளிவாக இருந்தார்கள். உரை நிகழ்ந்து இரண்டு நாட்களில், அமெரிக்கப் புலனாய்வுப் பணியகத்தின் உயரதிகாரி ஒருவர், நாட்டின் பாதுகாப்புக்கு மிக ஆபத்தான கறுப்பர் என்று கிங்கைக் குறிப்பிட்டு எழுதினார். அழகான கனவு கண்ட ஒருவருக்கு எவரும் அப்படிப் பயப்படுவதில்லை.

2011இல் வொஷிங்டனில் கிங்குக்கு ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. பிளந்த மலையிலிருந்து முன்னே தள்ளி வந்த ஒரு பாறையில் அவருடைய உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. விரக்தி மலையும் நம்பிக்கைக் கல்லும் உண்மையான கருங்கல்லாகவே நிற்கின்றன. ஓர் உருவகத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது. ஆனால் காசோலைக்கு எவரும் சிலை வைப்பதில்லை. அதற்குச் சிலை தேவையுமில்லை. அதைப் பணமாக்கிக் கொடுப்பதுதான் அதற்குரிய மரியாதை.

அணி என்ற சொல்லுக்கு ஆபரணம் என்பதோடு இன்னொரு பொருளும் தமிழில் உண்டு. வரிசையாக நடந்து வரும் கூட்டமும் அணிதான். 1963 ஓகஸ்ட் 28ஆம் திகதி வொஷிங்டனில் நடந்த அணிவகுப்பில் மனிதர்களோடு உருவகங்களும் வரிசையில் வந்தன. இனி வகுப்பில் உருவகத்தைக் கற்பிக்கும்போது, அது பாட்டுக்கு அழகு என்பதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வராது. இந்த உருவகம் யாரை நிமிர்த்துகிறது, யாரிடம் கணக்குக் கேட்கிறது என்றும் பிள்ளைகளிடம் கேட்பேன். அந்தக் கேள்வியை எனக்குச் சொல்லித் தந்தவன் கடைக்காரரின் மகன்.